நான்கு இல்லாத பெட்டி

"திடீர்னு போச்சுக்கா" என்று யாராவது போனில் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இத்தனை வருடமாகச் சர்வர் பழுது பார்க்கிறேன். ஒன்றுகூடத் திடீரென்று போய் நான் பார்த்ததில்லை. சாகப்போகிற டிஸ்க் பல வாரங்களுக்கு முன்பே முனகத் தொடங்கிவிடும். இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயன்றேன், இப்போது கிடைத்துவிட்டது, அடுத்த இடமும் மக்கர் செய்கிறது என்று ஒவ்வொன்றையும் இயந்திரம் எழுதிவைத்துக்கொண்டே வரும். அப்படி எழுதுவதைத்தான் எங்கள் தொழிலில் லாக் என்கிறோம். சில நேரம் திரையிலேயே ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்து நேராகவும் சொல்லிப் பார்க்கும். நம் ஆட்கள் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே ஓகேயை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லாம் படுத்த பிறகு எனக்கு போன் வரும், திடீர்னு போச்சுக்கா என்று.

என் வீடு கோலா சிலாங்கூரில். வேலை கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை. ஈஜோக் பக்கத்துச் செம்பனை ஆலைகள், பத்தாங் காலியில் ஒன்றிரண்டு தொழிற்சாலை அலுவலகங்கள், கோலா குபு பாருவில் சில கிளினிக்குகள். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத இடங்கள். காரின் பின்னிருக்கையில் கருவிப்பை, முன்னிருக்கையில் நாசி லெமாக் பொட்டலம், ஜன்னலுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி. எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. ஒரு பெண் திருப்புளியோடு வந்து நிற்பதைப் பார்த்து, "டெக்னீஷியன் எங்கம்மா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. லாக்கைத் திறந்து, போன செவ்வாய்க்கிழமை இந்த அறையில் ஏர்கான் அணைந்திருந்ததே ஏன் என்று கேட்பேன். அதற்குப் பிறகு மரியாதை தானாக வரும்.

லாக்குக்கு வெட்கம் கிடையாது, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். ஓர் ஆலையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே செம்பனை நார்த் தூசி மெத்தைபோல் படிந்து கிடந்தது. ஒரு கிளினிக்கில் மின்சாரப் பெட்டி செத்துவிட்டது என்றது. அதற்குள் ஒரு பல்லி வெந்துபோயிருந்தது. பத்தாங் காலியில் ஓர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலையும் திங்கட்கிழமை காலையும் 'பெட்டியின் மூடி திறக்கப்பட்டது' என்று தவறாமல் எழுதியிருந்தது. நிர்வாகி திருட்டு என்றே முடிவுகட்டிவிட்டார். விசாரித்தால், அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணியம்மா வாரக் கடைசியில் அலமாரிச் சாவியைச் சர்வருக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார். அங்கே யார் கை வைக்கப் போகிறார்கள் என்பது அவருடைய நியாயம். "ஊர்ல உள்ள மெசினெல்லாம் ஒன்கிட்டதான் வந்து பொலம்புது, நான் பொலம்புனா மட்டும் காது கேக்க மாட்டேங்குது" என்பார் என் கணவர். மெசின் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கும் என்று நானும் பதிலுக்குச் சொல்வேன்.

இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த ஆட்களில் ஒருவர் எங்கள் ஊர்ப் புகைப்படக்காரத் தம்பி. கடைவீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் நடக்கும் கல்யாணங்களில் பாதி அவர் கேமராவுக்குள் நடப்பவை. மணவறையில் விறைத்து நிற்கிற மாப்பிள்ளையைக்கூட இரண்டே வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவார். படங்களைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு பழைய சர்வர் வாங்கியிருந்தார். கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு அலுவலகம் இடம் மாறியபோது கழித்துவிட்டது அது. என்னைக் கேட்காமல் வாங்கினார். அதற்கு நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெட்டி நல்ல பெட்டிதான். முன்பக்கத்தில் ஆறு டிஸ்க் வரிசையாகச் செருகியிருக்கும். அவை ஆறும் சேர்ந்துதான் படங்களைச் சுமக்கின்றன. ஒன்று செத்தால் மீதி ஐந்தும் கணக்குப் போட்டு அதனிடம் இருந்ததையும் சொல்லிவிடும். செத்ததைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்றைச் செருகினால், அதற்குரியதையெல்லாம் அதில் தாங்களே எழுதி நிரப்பிவிடும். இரண்டு செத்தால் மட்டும் ஆறில் இருப்பதும் போச்சு.

ஒரு புதன்கிழமை காலை, நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, சர்வர்ல ஒன்னுமே காட்ட மாட்டேங்குதுக்கா. எல்லா போல்டரும் காணோம்."

"திடீர்னு போச்சுன்னு மட்டும் சொல்லிடாத தம்பி."

"இல்லக்கா. இந்த வாட்டி நீங்க சொன்ன மாரியே செஞ்சேன். மெசேஜ படிச்சேன்லா. படிச்சு அது சொன்னபடியேதான் செஞ்சேன். அப்புறந்தான் போச்சு."

அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மாடி ஏறிப் போனபோது ஸ்டூடியோ சோபாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. ஆனால் முகத்தில் பொட்டில்லை, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தம்பி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். போன மாதம் கோவில் மண்டபத்தில் அவர் எடுத்த கல்யாணத்தின் பெண் அவள். கல்யாணமாகி மூன்று வாரத்துக்குள் அப்பா இறந்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். மாலை போட்டு வைக்க அப்பாவின் படம் வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

"வேற படமே இல்லையாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லக்கா. எங்கப்பா லோரி ஓட்டுனவரு. தோட்டத்துல குலை ஏத்தி ஏத்தி காலம் போச்சு. போட்டோன்னா ஓடிப்போயிடுவாரு. போன்ல எல்லாரும் தேடிட்டோம். முதுகு இருக்கு, பாதி மூஞ்சி இருக்கு. ஐசி கார்டுல உள்ள படத்த பெரிசு பண்ணி வைக்கலாம்னு சித்தப்பா சொல்றாரு. அது எங்கப்பா மாரியே இல்லக்கா. போலீஸ்ல புடிச்சுட்டுப் போன ஆளு மாரி இருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்கு மட்டும் எனக்காக நின்னாரு. அதுதான் இருக்கு. திடீர்னு போயிட்டாருக்கா."

அந்த ஒரு முறை அந்தச் சொல்லுக்கு நான் கோபப்படவில்லை. கிட்டே போய் அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, சர்வர் இருந்த மூலைக்குப் போனேன்.

கேமரா அட்டைகளில் படம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. வேறு எங்காவது நகல்? தம்பி தரையைப் பார்த்தார். இதற்கு நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் முன்னால் மறுபடி திட்டவில்லை.

"என்ன செஞ்ச? ஒன்னுவிடாம சொல்லு."

அவர் சொன்னார். போன வாரம் திரையில் ஒரு கட்டம் வந்தது. வழக்கம்போல் ஓகே அமுக்கப் போனவர், என் முகம் நினைவுக்கு வந்து நிறுத்தினார். நிதானமாகப் படித்தார். நான்காம் இடத்து டிஸ்க் சீக்கிரம் சாகப்போகிறது, மாற்றிவிடு என்று இருந்தது. கையில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. நான்காவதைக் கழற்றினார், புதியதைச் செருகினார், திரையில் 'மீண்டும் நிரப்புகிறேன்' என்று வந்தது. பெருமையாகப் பூட்டிவிட்டு வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டார். நேற்றிரவு திரும்பி, இன்று காலை திறந்தால் ஒன்றுமில்லை.

"நாலாவதத்தானே கழட்டுன?"

"நாலாவதத்தான்க்கா. சாமி சத்தியமா."

நான் லாக்கைத் திறந்தேன். அது ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: மூன்றாம் இடத்து டிஸ்க் கழற்றப்பட்டது. மூன்றாம் இடத்தில் புது டிஸ்க் செருகப்பட்டது. நிரப்புதல் தொடங்கியது. நான்காம் இடத்து டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. மறுபடி முடியவில்லை. அதே வரி பக்கம் பக்கமாக ஓடியது. கடைசியில், நிரப்புதல் நின்றது, நான்காம் இடத்து டிஸ்க் செயலிழந்தது.

சாகக் கிடந்த நான்கு அப்படியே இருக்க, நல்லபடியாக இருந்த மூன்றை உருவியிருக்கிறார். மிச்சமிருந்தவை புதியதற்குக் கணக்குச் சொல்லத் தொடங்கின. கணக்கில் பாதி வழியில் நோயாளி விழுந்துவிட்டது. இரண்டு போனால் ஆறும் போச்சு.

"தம்பி, நீ கழட்டுனது மூனு."

"இல்லவே இல்லக்கா. மூனு அங்கயே இருக்கு பாருங்க!"

நானும் அவரும் மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தோம். சாகக் கிடக்கிற டிஸ்க் மஞ்சள் விளக்கு காட்டியிருக்க வேண்டும். ஆனால் விளக்குகள் மேல் ஒரே நீளமாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. படத்தின் நிறம் சரிபார்க்கும்போது கண்ணைக் குத்துகிறது என்று தம்பிதான் ஒட்டினாராம். டேப்புக்குக் கீழே, பெட்டியின் விளிம்பில், ஒவ்வொரு டிஸ்க்கின் இடத்துக்கும் நேராகப் பழைய அலுவலகத்துக்காரர்கள் அழகாக அச்சிட்டு ஒட்டிய எண்கள் இருந்தன. இடமிருந்து படித்தேன். 1, 2, 3, 3A, 5, 6.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது, ஆனால் அடக்க முடியவில்லை.

நம் நாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சீன மொழியில் நான்கு என்ற சொல்லுக்கும் சாவு என்ற சொல்லுக்கும் ஒலி ஒன்றுபோல இருக்கும். அதனால் லிஃப்டில் நான்காம் மாடி இருக்காது, 3A இருக்கும். தாமானில் நான்காம் எண் வீடு இருக்காது, 3A இருக்கும். நானே பதினான்குக்குப் பதில் 13A என்று எண் போட்ட வீட்டில்தான் குடியிருக்கிறேன். 3A என்றால் நான்கு என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். தம்பியும் திரையில் 'நான்கு' என்று படித்தார், பெட்டியில் நான்கைத் தேடினார், 3A இருந்தது, அதை உருவினார். மலேசியக்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் உருவியிருப்பார்.

ஆனால் இயந்திரம் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்காது. முதலாவதற்குப் பூஜ்யம் என்று பேர் வைத்துவிட்டு, இரண்டாவதை ஒன்று என்று சொல்லும். அதன் கணக்கில் நான்கு என்பது நம் கணக்கில் ஐந்தாவது. நோயாளி, '5' என்று ஒட்டியிருந்த இடத்து டிஸ்க். அது பேசாமல் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "3Aன்னா நாலுதானேக்கா?"

"நாலுதான்."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான்பா. மெசினுக்கு மட்டுந்தான் தப்பு. அத விடு, கழட்டுன டிஸ்க் எங்க?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அந்த 3A நல்ல டிஸ்க். உருவிய நிமிடம் வரைக்கும் இருந்த அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு தம்பி ஊரில் இல்லை, சர்வரில் புதிதாக எதையும் போடவில்லை. ஆகவே அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, செத்த ஐந்தை எடுத்துவிட்டால், கணக்குச் சொல்ல ஐந்து பேர் இருப்பார்கள். படங்கள் திரும்பிவிடும். அந்த டிஸ்க் கிடைக்காவிட்டால் ஐசி படம்தான்.

தம்பியின் முகம் வெளிறியது. "வாரண்டில மாத்தலாம்னு எம்பொஞ்சாதிகிட்ட குடுத்து விட்டேன்க்கா. ரவாங்ல கடையில குடுக்கச் சொல்லி."

"எப்ப?"

"போன வாரமே."

கடையில் கொடுத்திருந்தால் அது இந்நேரம் கோலாலம்பூருக்குப் போயிருக்கும். அங்கே அதைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். தம்பி மனைவிக்கு போன் செய்தார். அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடைக்கு போன் செய்தால் எடுத்த பையன், முதலாளி வந்துதான் சொல்வார் என்றான்.

"சாப்பாட்டு நேரத்துல வெளிய வருவா. போயிடலாம்க்கா."

சோபாவில் இருந்த பெண் எழுந்து நின்றாள். "கெடைக்குமாக்கா?"

கிடைக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "டிஸ்க் கெடைச்சா படம் கெடைக்கும்மா. போய்ப் பாத்துட்டு வர்றோம். நீ வீட்டுக்குப் போய் இரு."

"இல்லக்கா, நான் இங்கயே இருக்கேன். வீட்டுக்குப் போனா அம்மா கேப்பாங்க."

என் காரிலேயே போனோம். ஈஜோக் தாண்டும்போது, முன்னால் ஒரு குலை லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. எப்போதும் அவற்றின் பின்னால் சிக்கினால் நான் சத்தமாகவே திட்டுவேன். அன்றைக்கு அந்த ஓட்டுநரின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, முந்திப் போ என்று சைகை காட்டியதைப் பார்த்தபோது, திட்டு வரவில்லை. ஹார்னை மெதுவாக ஒரு தட்டுத் தட்டி நன்றி சொல்லிவிட்டு முந்தினேன்.

"அவரு மண்டபத்துல ஓடிக்கிட்டே இருந்தாருக்கா" என்றார் தம்பி. "கேமராவ தூக்கினா தூணு பின்னாடி போயிருவாரு. கடைசியா நான்தான் சண்ட போட்டு நிப்பாட்டுனேன். ஒரே ஒரு படம், மக கேக்குதுன்னு. அத நானே அழிச்சிட்டேனே."

"இன்னும் அழியல. கம்முனு வா."

தொழிற்சாலை வாசலில் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றோம். நீலச் சட்டை போட்ட பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். தம்பியின் மனைவி எங்களைப் பார்த்ததும் பயந்து ஓடிவந்தாள். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நினைத்துவிட்டாள்.

"டிஸ்க்கு! கடையில குடுத்திட்டியா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கோபப்படாதீங்க. நேத்தும் மறந்திட்டேன். இன்னிக்குக் கண்டிப்பா குடுத்தர்றேன்."

நான் கேட்டு வளர்ந்த தமிழில் அதைவிட இனிமையான வாக்கியம் எனக்கு ஞாபகம் இல்லை. தம்பி நடுரோட்டில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறதிக்காக எப்போதும் அவரிடம் திட்டு வாங்குகிறவள் அவள்.

"மறந்ததுக்கா இவ்வளவு சந்தோசம்? அப்ப திட்டுனதெல்லாம் வாபஸ் வாங்குங்க."

"வாங்கிட்டேன்லா, வாங்கிட்டேன்!"

சாப்பாட்டுப் பையின் அடியில், மீன் குழம்பு டப்பாவுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் கீழே, காற்றுக் குமிழ்த் தாளில் சுற்றி அது இருந்தது. தாளைப் பிரித்துப் பார்த்தேன். நனையவில்லை, நசுங்கவில்லை. மீன் குழம்பு வாசம் மட்டும் லேசாக அடித்தது. திரும்பி வரும்போது அதைத் தம்பி மடியிலேயே வைத்திருந்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

ஸ்டூடியோவில் அந்தப் பெண் நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டிஸ்க்கை உயர்த்திக் காட்டினேன். அவள் என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

முதலில் அந்த டிஸ்க்கை மட்டும் என் மடிக்கணினியில் மாட்டி, அதன் சொந்த லாக்கைப் படித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கும். ஒரு குறையும் இல்லை, பையில் ஒரு வாரம் குலுங்கியும் கல்லுமாதிரி இருந்தது. கறுப்பு டேப்பைப் பிய்த்து எறிந்தேன். புதியதைக் கழற்றி, 3A-ஐ அதன் இடத்தில் வைத்தேன். ஐந்தை உருவி எடுத்தேன். அப்புறம் எதையும் எழுதாதே, படிக்க மட்டும் செய் என்று பூட்டுப் போட்டுவிட்டு, எழுந்திரு என்று கட்டளை கொடுத்தேன்.

லாக்கில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் இடத்து டிஸ்க் சேர்ந்தது. நான்காம் இடம் காலி. தொகுப்பு குறையோடு இயங்குகிறது.

குறையோடு இயங்குகிறது. எனக்கு அது போதும்.

கல்யாணத்து போல்டர் திறந்தது. வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தேன். எடுத்து முடிக்கும்வரை யாரையும் மௌஸ் பக்கம் வரவிடவில்லை. அது முடிந்ததும், "இப்பப் பாரும்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

தம்பி ஓட்டிக்கொண்டே போனார். நலுங்கு, மாலை மாற்றல், தாலி, பந்தி. அப்பா ஒரு படத்தில் தூணுக்குப் பின்னால், ஒரு படத்தில் வாளியோடு குனிந்தபடி, ஒன்றில் வேட்டியின் ஓரம் மட்டும். அவள் ஒவ்வொன்றிலும், "அந்தா, அந்தா" என்றாள். பிறகு அது வந்தது. மண்டப வாசல், வெள்ளைச் சட்டை, மெலிந்த கறுத்த முகம், வெயில் பட்டுச் சுருங்கிய கண். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, நேராக நம்மைப் பார்த்து நின்றார். சிரிப்பதற்கு ஒரு நொடி முந்திய முகம்.

அவள் திரைக்கு மிக அருகில் போனாள்.

"ஐயோ, சட்ட பட்டன மாத்திப் போட்டிருக்காரு."

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். மேலே ஒரு துளையைத் தவறவிட்டுவிட்டுப் பூட்டியிருந்தார். காலரின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கீழே ஒரு பொத்தான் துளையில்லாமல் தனியாக நின்றது.

தம்பி உடனே, "ஒரு நிமிசத்துல சரி பண்ணிடலாம்மா, தெரியவே தெரியாது" என்று கையை நீட்டினார்.

"வேணாம்ணே. தொட்டுடாதீங்க." அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "தெனமும் அம்மாதான் பாத்து மாட்டி விடுவாங்க. அன்னிக்கு அம்மா என்னைய அலங்காரம் பண்ணிக்கிட்டிருந்தாங்க."

படத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகு, '5' ஒட்டியிருந்த இடத்தில் புது டிஸ்க்கைச் செருகி நிரப்ப விட்டோம். இந்த முறை நானும் தம்பியும் பூஜ்யத்திலிருந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே செருகினோம். ஸ்டிக்கர்களைப் பிய்க்கப் போனேன், தம்பி விடவில்லை. அவற்றுக்கு மேலேயே 0 முதல் 5 வரை மார்க்கரால் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி மீன் குழம்பு கொடுத்து அனுப்பினாள். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரியத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். ஈஜோக் பக்கத்துத் தாமானில் சின்ன வீடு. முன்கூடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரித்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். சட்டம் போட்ட படத்தை அன்று காலையில்தான் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தாள். சித்தப்பா மாலையோடு நின்றார். கண்ணாடியில் தூசி இருக்கிறது, துடைத்துக் கொடுக்கிறேன் என்று அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டு வந்த கை சட்டையில் நின்றது. கழுத்திலிருந்து தொடங்கி, கண்ணாடியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார்.

"இன்னிக்குக்கூட பட்டன ஒழுங்கா போட்டுக்கத் தெரியலையா ஒங்களுக்கு?"